டீசலுக்கு ஒரு நோன்பு

ஈஸ்டர் பூசையில் ஊரே எழுந்து நற்கருணை வாங்கப் போனது. என் வீட்டுக்காரர் ஔதக்குட்டி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து கூரையிலிருந்த புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தட்டை வைத்தபோதுதான் விஷயம் காலில் இல்லை என்று தெரிந்தது. தேங்காய்ப் பல் போட்டுக் கறுப்பாக வறட்டிய மாட்டிறைச்சி, பக்கத்தில் வாத்து, சூடாக அப்பம். ஐம்பது நாள் கஞ்சியும் பயறும் தின்ற மனுஷர் அந்தத் தட்டைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இருந்தது. ஆனாலும் தள்ளி வைத்தார்.

"என் நோன்பு முடியல ரோசம்மா," என்றார்.

"கர்த்தரே எழுந்துட்டாரு இச்சாயா. உங்களுக்கு மட்டும் என்ன?"

"டீசல்," என்றார். எழுந்துபோய் நேற்றைய கஞ்சியை ஊற்றிக்கொண்டார்.

அவர் முப்பத்தொரு வருஷம் அரசாங்கப் படகில் ஸ்ராங்காக இருந்தவர். முன்னால் நின்று சுக்கான் பிடிக்கும் வேலை. அவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு கயிறும் ஒரு மணியும்தான். கயிற்றை இழுத்து மணி அடித்தால் கீழே குழிக்குள் உட்கார்ந்திருக்கும் டிரைவர் திவாகரன் எஞ்சினை முடுக்குவான் அல்லது நிறுத்துவான். ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகிறது. வேலையில்லாத ஆண்பிள்ளை பகல் முழுக்க வீட்டில் இருப்பதற்கு வெள்ளமே தேவலாம். வெள்ளமாவது வடிந்துவிடும்.

வெள்ளம் என்றதும் சொல்ல வேண்டும். குட்டநாட்டில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் புதிதல்ல. ஆடியில் வரும், அடுப்பை மேசைமேல் ஏற்றுவோம், நாலு நாளில் போய்விடும். போகும்போது சமையலறையில் இரண்டு கெண்டைக் குஞ்சுகளை விட்டுவிட்டுப் போகும், அதற்கும் நன்றி சொல்வோம். ஆனால் போன வருஷம் ஆடியில் வந்தது போதாதென்று யாரும் கூப்பிடாமலே ஐப்பசியில் மறுபடி வந்தது. பதினோரு நாள் சமையலறையில் நின்றது. என் மிக்ஸிக்குள் மீன் முட்டையிட்டிருந்தது என்று என் கொழுந்தன் மனைவி லீலாம்மா ஊரெல்லாம் சொன்னாள். முட்டையெல்லாம் இல்லை, வெறும் பாசி.

அதனால்தான் நோன்பு தொடங்கிய வாரம் வாசகசாலையில் மழையையும் வெயிலையும் பற்றி ஒரு வகுப்பு நடக்கிறது என்றதும் இவர் போனார். டீயும் பருப்பு வடையும் உண்டு என்றதும் நானும் போனேன். காலேஜில் படிப்பு சொல்லிக்கொடுக்கும் நிமிஷா என்ற பெண் வந்திருந்தாள். எண்ணெயும் கரியும் எரித்த புகை வானத்தில் போர்வை மாதிரி நிற்கிறது, அதனால் கடல் சூடாகிறது, மழை தன் மாதத்தை மறந்துவிட்டது என்று அழகாகச் சொன்னாள். பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அவரவர் எவ்வளவு புகை விட்டோம் என்று எழுதச் சொன்னாள்.

என் தாளில் ஒன்றுமே தேறவில்லை. துபாயிலிருந்து திரும்பி வந்த குஞ்ஞவரா, விமானம் பதினெட்டு தடவை, ஏசி மூன்று, கார் இரண்டு என்று எழுதினான். எல்லாரிலும் தனக்குத்தான் பெரிய எண் என்று தெரிந்ததும் பரிசு வாங்கப் போகிறவன் போல எழுந்து நின்றான். அப்போது என் வீட்டுக்காரர் தன் தாளைக் கொடுத்தார். முப்பத்தொரு வருஷம் அந்தப் படகு குடித்த டீசல் அத்தனையையும் தன் பேரில் எழுதியிருந்தார். நிமிஷா கூட்டிப் பார்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு டன் என்றாள். குஞ்ஞவரா முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, அது படகில் போன எல்லாருக்கும் பங்கு போட வேண்டியது, நூறு பேர் தனித்தனியாகப் போயிருந்தால் இன்னும் எவ்வளவோ ஆகியிருக்கும், நீங்கள் நல்லதுதான் செய்தீர்கள் என்று விளக்கினாள். இவர் கேட்கவில்லை. மணி அடித்தது யார், நான் அடிக்காமல் திவாகரன் எஞ்சினை முடுக்கினானா என்று கேட்டார். பிறகு, நான் மறக்கவே முடியாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எங்க சமையலறைல பதினோரு நாள் நின்ன தண்ணில என் படகோட புகையும் உண்டா மோளே?"

"ஒரு துளி இருக்கலாம் அங்கிள்," என்றாள் அவள் தமாஷாக.

"ஒரு துளின்னாலும் என்னோடதுதானே," என்று இவர் உட்கார்ந்துவிட்டார். வடை எடுக்கவில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று பிடித்தது பைத்தியம். ஸ்கூட்டருக்குச் சாக்கைப் போர்த்திக் கயிறு கட்டினார். கடைக்குத் தோணியைத் துழாவிக்கொண்டு போனார். பங்குனி வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓலை விசிறியை என் கையில் கொடுத்தார். நான் எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் பின்னாலேயே வந்து விளக்கை அணைத்தார். ஒருநாள் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்க வந்தார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியோடு திரும்பிப் பார்த்ததும், சும்மா தூசு தட்ட வந்தேன் என்று போய்விட்டார்.

இதெல்லாம் நோன்புக் காலத்தில் நடந்ததால் ஊரில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நோன்பில் ஒருவன் சிகரெட்டை விடுவான், ஒருவன் சீரியலை விடுவான். இவர் மின்விசிறியை விட்டார். ஆனால் ஈஸ்டர் முடிந்தும் மாட்டிறைச்சி தின்னாத கிறிஸ்தவனை எங்கள் ஊர் சும்மா விடுமா? மாடு விடும் ஏப்பத்தாலும் பூமி சூடாகிறது என்று நிமிஷா சொன்னாள் என்று இவர் டீக்கடையில் உள்ளபடியே சொன்னார். அதை ஒருவரும் நம்பவில்லை. முதல் இரண்டு நாள் கட்சி மாறிவிட்டார் என்றார்கள். மூன்றாம் நாள் இதயக் கோளாறு என்றார்கள். ஆப்பிளும் ரஸ்க்கும் வாங்கிக்கொண்டு எட்டுப் பேர் பார்க்க வந்தார்கள். நாலாம் நாள்தான் எல்லாருக்கும் கும்பசாரக் கூடு ஞாபகத்துக்கு வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை, பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க எல்லாரும் கும்பசாரக் கூட்டின் முன் வரிசையில் நின்றோம். சாதாரணமாக ஒரு ஆளுக்கு மூன்று நிமிஷம் ஆகும். என் வீட்டுக்காரர் போய் மண்டியிட்டவர் இருபத்தைந்து நிமிஷம் எழவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் எங்கள் பாதிரியார் அச்சன் இரண்டு தடவை தலையைப் பிடித்துக்கொண்டதைப் பின்னால் நின்ற மத்தாயி பார்த்திருக்கிறான். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, வீட்டில் அடுப்பில் பயறு இருந்தது.

லீலாம்மா முருங்கைக்கீரை கேட்கும் சாக்கில் வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"இச்சாயன் ஈஸ்டருக்குக் கூட நற்கருணை வாங்கல. அப்ப அச்சன் மன்னிப்பு குடுக்கலன்னு அர்த்தம். எந்தப் பாவத்துக்கு அச்சன் மன்னிப்பு குடுக்க மாட்டாரு தெரியுமா சேச்சி? விட மனசில்லாத பாவத்துக்கு."

"டீசல்னு சொல்றாருடி."

"டீசலுக்கு யாராவது இருபத்தஞ்சு நிமிஷம் மண்டி போடுவாங்களா? முப்பத்தொரு வருஷம். எத்தனை படகுத்துறை. எத்தனை பொம்பளைங்க ஏறி இறங்கியிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுக் கீரையை மறந்துவிட்டுப் போனாள்.

நான் அன்று சோறு இறக்க மறந்து அடிப்பிடிக்க விட்டேன். சந்தேகம் என்பது எனக்கு வராத நோய் என்று நினைத்திருந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, வியாழக்கிழமைகளை நான் இத்தனை நாள் கவனிக்காமல் விட்டது. வியாழக்கிழமை தோறும் மதியம் இவர் தோணியில் போகிறார். போகும்போது மாற்று வேட்டி ஒன்று பையில் எடுத்துப் போகிறார். வரும்போது குளித்துவிட்டு, அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறார். வீட்டில் குளியலறை இருக்கும் மனுஷர் எதற்கு வெளியே குளித்துவிட்டு வர வேண்டும்?

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். மரம் நட, என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த முற்றத்தில் ஒரு கறிவேப்பிலை நட்டதில்லை. யார் இடத்தில் என்றேன். "நம்ம ஏலியாம்மாவோட கரைல. அவ வேண்டாம்னு சொல்லல," என்றார், விளக்கை அணைத்தபடி.

ஏலியாம்மா. எனக்குத் தெரியும். நான் புதுப்பெண்ணாக இவர் படகில் போனபோது, வெள்ளைச் சட்டையும் மேல்முண்டுமாக முன் பெஞ்சில் உட்கார்ந்து, "ஸ்ராங்கே, மெதுவா" என்று சொல்லிச் சிரிப்பாளே, அந்த விதவை. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அன்றே ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றித்தான் வைத்திருந்தேன்.

நேராக அச்சனிடம் போனேன். முப்பது வயதுப் பையன்தான், நல்லவர். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். கும்பசாரத்தில் கேட்டதை உயிர் போனாலும் சொல்லக் கூடாது என்று அவர் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, அது எனக்கும் தெரியும், சொல்ல வேண்டாம், தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்றேன்.

"அவர் சொன்னது டீசல் மட்டும்தானா அச்சோ? அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா நிம்மதியாப் போயிடுவேன்."

அச்சன் இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார், தலை தவறிப்போய் ஆடிவிடக் கூடாது என்று. ஆனால் 'மட்டும்' என்று நான் சொன்ன இடத்தில் கண் கீழே போனது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, அதையும் அடக்கினார். "ஜெபம் பண்ணுங்க சேச்சி," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் ஊற்றிய தொட்டிக்கே மறுபடி ஊற்றினார். டீசல் மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் முப்பத்தாறு வருஷக் குடும்பத்தைப் பார்த்து ஒரு பையன் சிரிக்கிறான் என்பதும் புரிந்தது. திரும்பி வரும் வழி முழுக்க அழுதேன். எதிரே வந்தவர்களிடம் கண்ணில் பூச்சி என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை இவர் தோணியை அவிழ்த்துப் போனதும், நான் நல்ல முண்டு கட்டி, குடையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். இவரைப் பிடிக்கப் போனதும் அதே டீசல் படகில்தான், வேறு வழி இல்லை. டிக்கெட் கொடுக்கும் பையன், சேச்சி எங்கே தனியாக என்று கேட்டான். ஒருத்தியைப் பார்க்க என்றேன். என் முகத்தைப் பார்த்து அவன் மேலே கேட்கவில்லை.

என்ன செய்வது என்று படகிலேயே முடிவு செய்திருந்தேன். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தால், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்கனாச்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவது. ஒரு வார்த்தை பேசாமல் என்பதுதான் கஷ்டம் என்றும் தோன்றியது.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். இவர் இடுப்புவரை சேற்றில் நின்றுகொண்டிருந்தார். மார்பு, முகம், வழுக்கை எல்லாம் சேறு. பக்கத்துத் தோணியில் நடுவதற்கு வெட்டிய பூவரசுப் போத்துகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தது எழுபத்தாறு வயதுக் கிழவி ஒருத்தி. வாயில் ஒரே ஒரு பல். என் மனதில் இருந்த ஏலியாம்மா முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தையவள், அவளுக்கு வயதாகும் என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை.

"ரோசம்மாவா? வந்தது நல்லதாப் போச்சு," என்றாள் கிழவி. "இந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போ. இவரைப் பாத்துப் பயந்து என் வாத்து மூணு வாரமா முட்டை போடல. படகு அலையில இடிஞ்ச கரை, நட்டா நல்லதுன்னு விட்டேன். ஒரு கிழவன் தெனம் என் கண் முன்னால அவுத்துக் குளிப்பான்னு யாரு கண்டா?"

"தெனம் இல்ல, வியாழக்கிழமைதான்," என்றார் இவர் சேற்றிலிருந்து.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அச்சனின் கண் கீழே போனதை நான் பார்த்தேனே. குடையை மடக்கி, கரை ஓரத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"அந்த இருபத்தஞ்சு நிமிஷம் என்ன பேசினீங்க?"

"டீசல் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு," என்றார். "அந்தப் பொண்ணு சொன்னதையேதான் அச்சனும் சொன்னாரு. ஜனங்க போறதுக்கு ஓட்டினது பாவமில்ல, எழுந்து போன்னாரு. சரின்னு ஒத்துக்கிட்டேன். வேற ஏதாவது உண்டான்னு கேட்டாரு."

"உண்டா?"

"உண்டு."

என் கை குடையை இறுக்கிப் பிடித்திருந்தது. அடிக்கவா, விழாமல் இருக்கவா என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், நட்ட போத்தைச் சுற்றிச் சேற்றை அமுக்கியபடி பேசினார்.

"கடைசி டிரிப்புல ஆளெல்லாம் எறங்கினப்புறம் படகைக் கொண்டுபோய்க் கட்டணும். ஆத்து வழியா நேராப் போனா பத்து நிமிஷம். நான் நேராப் போனதே இல்ல. நம்ம வாய்க்கால் வழியா சுத்தித்தான் போவேன்."

"அதானே வழி?"

"அது வழியில்ல ரோசம்மா. அங்க துறையும் இல்ல, எறங்க ஆளும் இல்ல. தெனம் ஒன்றரை லிட்டர் டீசல். நீ படித்துறையில பாத்திரம் கழுவிக்கிட்டு நிப்பே. அதைப் பாக்கறதுக்கு."

சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அந்தப் படகு விளக்கோடு வளைந்து வரும். நான் ஈரக் கையைத் தூக்குவேன். ஒரு மணி அடித்துவிட்டுப் போகும். எங்கள் வாய்க்காலுக்கு அரசாங்கப் படகு வருகிறது என்று பிறந்த வீட்டில் போய்ப் பெருமையடித்திருக்கிறேன்.

"மத்த டீசலெல்லாம் ஊரோடது," என்றார். "இது ஒன்னுதான் முழுசா என்னோடது. மனஸ்தாபம் உண்டா, செஞ்சதுக்கு வருத்தம் இருக்கான்னு அச்சன் கேட்டாரு. யோசிச்சுப் பாத்தேன். தண்ணி பதினோரு நாள் நின்னதை நெனச்சேன், உன் மிக்ஸியை நெனச்சேன். வரமாட்டேங்குது. இல்லன்னு சொல்லிட்டேன். மனஸ்தாபம் இல்லாம எப்படி மன்னிப்பு குடுக்கறதுன்னு பதினஞ்சு நிமிஷம் கெஞ்சினாரு பாவம். லேசா வருத்தப்பட்டாக்கூடப் போதும்னாரு."

"பட்டிருக்கலாமே."

"பொய் சொல்லவா? அதுவும் கும்பசாரக் கூட்டுல?" என்று இன்னொரு போத்தை எடுத்தார். "வருத்தப்படாம செய்யறதுக்கு இதான் இருக்கு. மரமும் நடறேன், எறைச்சியும் வேண்டாம்னு வைக்கிறேன். புகைக்கு என் மனசு தெரியாதில்ல. கொறைஞ்சா கொறையும்."

எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை பூச்சி என்று யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் இந்த மனுஷர் என்னிடம் அழகாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் டீசலாக எரித்திருக்கிறார். நல்ல முண்டை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். வேகமாக இறங்கியதில் இடுப்புவரை போய்விட்டேன். இப்போது இரண்டு கிழங்கள் என்று ஏலியாம்மா வாத்துகளிடம் முறையிட்டாள்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் இரண்டு பேரும் போகிறோம், இரண்டு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு. ஸ்கூட்டர் சாக்குக்குள்ளேயே இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுகிறது, அதில் சமரசம் கிடையாது.

சனிக்கிழமை நான் கும்பசாரத்துக்குப் போனேன். வலைக்கு அந்தப் பக்கம் அச்சன் என் குரலைக் கேட்டதும் பெருமூச்சு விட்டது தெரிந்தது. முப்பத்தொரு வருஷம், மதியமே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை ஆறரை மணிக்குப் படித்துறைக்கு எடுத்துப்போய் மறுபடியும் கழுவினேன் என்றேன். அந்தப் படகைப் பார்ப்பதற்குத்தான், அதில் போன டீசலில் பாதி என்னுடையது என்றேன்.

"மனஸ்தாபம் உண்டா?" என்று கேட்டார் அச்சன், வேண்டிக்கொள்கிறவர் போல.

நானும் யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றேன். அச்சன் மறுபடியும் தலையைப் பிடித்துக்கொண்டு, லேசாக வருத்தப்பட்டால்கூடப் போதும் சேச்சி என்று ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் வரிசையில் லீலாம்மா நின்றிருந்தாள், கையில் கடிகாரத்தோடு.